கறையை உள்ளே மடிப்பவர்

உட்காருவதற்கு முன்னால் புறங்கையால் இருக்கையை ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டுத்தான் லாண்டரியக்கா உட்காருவார். பேருந்து இருக்கையானாலும் சரி, என் வீட்டு மர நாற்காலியானாலும் சரி. முதலில் இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ், கடைசியாகச் சாய்மானம் சேருகிற இடுக்கில் ஒரே ஒரு விரல். முதல் தடவை என் வீட்டுக்கு வந்து அப்படித் தடவியபோது, நான் வீட்டைத் துடைக்கிற லட்சணத்தைத்தான் சோதிக்கிறார் என்று நினைத்து எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா அதைக் கவனித்துவிட்டார். "தூசிக்கு இல்ல டீச்சர், ஊசிக்கு" என்றார்.

நான் டீச்சர் இல்லை. ஓர் அச்சகத்துக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே பிழை திருத்திக் கொடுக்கிறேன். மூக்குக் கண்ணாடியும் கையில் சிவப்புப் பேனாவும் இருந்தால் அக்காவுக்கு டீச்சர்தான். உலகத்துப் பிழையெல்லாம் திருத்துகிற எனக்கு இந்த ஒன்றைத் திருத்த முடியவில்லை. மூன்றாம் மாடியில் எதிரெதிர் வாசல் எங்களுக்கு. ஆறே முக்காலுக்கு அவர் கதவைச் சாத்துகிற சத்தம்தான் எனக்கு அலாரம்.

வேலை, பெரிய சாலைக்குப் பின்னால் இருக்கிற நீராவி லாண்டரியில். ஏழரை மணிக்கு வேன் வந்து மூட்டைகளை இறக்கும். ஊரின் பெரிய ஆஸ்பத்திரி, இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகள், நாலைந்து லாட்ஜுகள் என்று இத்தனை இடங்களில் ஜனங்கள் படுத்து எழுந்த விரிப்புகளும் முதலில் வந்து சேர்வது அக்காவின் மேசைக்குத்தான். முட்டிவரை ரப்பர் கையுறை, முகத்தில் துணி, கையில் நீளமான இடுக்கி. ஒவ்வொன்றாக விரிப்பார், மூலையில் இருக்கிற அடையாளத்தைப் பார்ப்பார், கறையைப் பார்ப்பார், எந்தத் தொட்டிக்குப் போக வேண்டுமோ அதில் வீசுவார். லாட்ஜுத் துணிக்கு நேரே வெந்நீர். ரத்தத்துக்கு முதலில் பச்சைத் தண்ணீர். "வெந்நீர் பட்டுச்சுன்னா கறை துணியோட குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிடும். அப்புறம் கோர்ட்டுக்குப் போனாலும் பிரிக்க முடியாது."

பன்னிரண்டு வருஷம் இதே மேசை. நான் அச்சுத்தாள் படிப்பதுபோல் அவர் விரிப்பைப் படிப்பார். "நேத்து லாட்ஜுல ஒருத்தி விடிய விடிய அழுதிருக்கா. தலையணை உறை ரெண்டு பக்கமும் கண்மை" என்பார். "ஒரு பக்கம் அழுதா துக்கம். திருப்பிப் போட்டு அழுதா கோவம்." இதற்கெல்லாம் ஆதாரம் கேட்கக் கூடாது. கேட்டால், "நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவார்.

ஆஸ்பத்திரிகளுக்கு அவரிடம் பெயர் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரித் துணியில் கறுப்பு மை முத்திரை இருக்கும். தனியாரில் ஒன்றுக்கு மூலையில் மஞ்சள் நூல் தையல், இன்னொன்றுக்கு நீல நூல். நாம் வாசல் பலகையில் இருக்கிற பெயரைச் சொன்னால் முழிப்பார். நூலின் நிறத்தைச் சொன்னால் அந்த இடத்தின் ஜாதகத்தையே ஒப்பிப்பார். எங்கள் கட்டடத்தில் யாருக்கு என்ன என்றாலும் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் அக்காவைத்தான் பார்ப்பார்கள். "மஞ்சள் நூலா? துணியெல்லாம் சென்ட் வாசனை அடிக்கும். ஆஸ்பத்திரித் துணி ஆஸ்பத்திரி வாசனைதானே அடிக்கணும்? வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பாதீங்க" என்று ஒரே வாக்கியத்தில் மஞ்சள் நூலைத் தள்ளுபடி செய்துவிடுவார்.

நீல நூல் மேல் அவருக்கு மரியாதை. கறை பட்ட விரிப்பை அவர்கள் சுருட்டி எறிவதில்லை. கறையை உள்பக்கமாக மடித்து, நாலு மூலையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, முடிச்சின் ஒரு நுனியைக் காதுபோல் நீளமாக விட்டிருப்பார்கள். ரப்பர் கையுறை போட்ட விரலாலேயே அந்தக் காதைப் பிடித்து இழுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். "இந்தப் பக்கம் ஒருத்தி நின்னு பிரிப்பாளேன்னு நெனைக்கிற மனசு டீச்சர் அது. துணியை இப்படி மடிக்கிற கை, புள்ளையை எப்படிப் பிடிக்கும்?"

கறுப்பு முத்திரையைப் பற்றிக் கேட்டால் அக்காவின் வாய் கோணும். எல்லாம் ஒரே கசங்கல். ரத்தம், மருந்து, பஞ்சு, சில சமயம் யாரோ பாதி தின்ற பன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மூட்டையில் கிடந்த ஊசி ஒன்று கையுறையைத் துளைத்து அவருடைய ஆள்காட்டி விரலில் ஏறியது. யாருக்குப் போட்ட ஊசி, என்ன வியாதி, ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனைக்கு மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் நான்தான் கூடப் போனேன். மகளிடம் மூச்சு விடவில்லை. அந்த ஆறு மாதமும் அக்கா தன் தட்டைத் தனியாகக் கழுவி வைத்துக்கொண்டார். கடைசிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த அன்று என் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த ஆஸ்பத்திரி வாசலை நான் மிதிச்சா என்னைச் செருப்பால அடிங்க" என்றார்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் கர்ப்பமானால் எந்த ஆஸ்பத்திரி என்பதில் விவாதத்துக்கு இடமேது? மூன்றாம் மாதமே முடிவாகிவிட்டது. நீல நூல்தான்.

இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஏழாம் மாதத்தில் ஒரு நாள் நாங்கள் நாலு பேரும் போனோம். அக்கா, மகள், மருமகன், பலகைகளைப் படித்துச் சொல்ல நான். மருமகன் தரைக்கு டைல்ஸ் பதிக்கிற தொழிலாளி. உள்ளே நுழைந்ததும் குனிந்துவிட்டார். "ஒரு டைல்ஸ்கூட ஏறி எறங்கலை அத்தை. கோலிக்குண்டை விட்டா நேரா அந்தச் சுவரு வரைக்கும் போகும்." அக்கா காலியாக இருந்த ஒரு கட்டிலின் விரிப்பு நுனியைப் புரட்டி, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, தன் கைப்பக்குவத்தைத் தானே மெச்சிக்கொண்டார். நான் சுவரில் இருந்த அறிவிப்புகளில் பிழை தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஆளாளுக்கு அவரவர் தொழிலை அளவுகோலாக எடுத்துக்கொண்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியை அளந்து முடித்து, திருப்தியாக வெளியே வந்தோம். பிள்ளை பெறப்போகிறவள் மட்டும் எதையும் அளக்கவில்லை. "டாக்டரம்மா சிரிச்ச முகமா இருக்காங்க" என்று படி இறங்கும்போது சொன்னாள். அதுதான் அன்றைக்கு ஆஸ்பத்திரியைப் பற்றி யாராவது சொன்ன ஒரே சொல்.

எட்டாம் மாதத்தில் மகளுக்குக் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் சாயங்காலம்வரை பள்ளமாகவே இருந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் பார்த்தால் இன்னும் ஏறியிருந்தது. "பாத்துக்கலாம்" என்றாராம் சிரித்த முகம். அக்காவும் என்னிடம் வந்து, "பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றார். சொன்னாரே தவிர, அன்றைக்கு நாற்காலியை இரண்டு தடவை தடவினார்.

இந்த இடத்தில் வேன் டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவம், நல்ல மனிதர். கறுப்பு முத்திரை மூட்டையைப் பிரிக்கும்போது நடுவில் நீல நூல் விரிப்பு ஒன்றிரண்டு அகப்படுவது வழக்கம். இவர்தான் வண்டியில் மூட்டைகளைக் குலுக்கிக் கலந்துவிடுகிறார் என்பது அக்காவின் தீர்ப்பு. அகப்படுவதையெல்லாம் துவைத்து ஜன்னலோரக் கூடையில் போட்டு வைப்பார். சனிக்கிழமை தோறும் கூடையை டிரைவர் கையில் கொடுத்து, கூடவே அர்ச்சனையும் கொடுப்பார். "ஏன் தம்பி, கண்ணு பிடரியிலயா இருக்கு? ஊருத் துணியெல்லாம் ஒண்ணாக் கலந்து கூட்டாஞ்சோறு ஆக்கறியே!" டிரைவர் முதலில் மறுத்துப் பார்த்தார். பிறகு சிரித்துப் பார்த்தார். பல வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டு கூடையை வாங்கிப்போனார்.

துணி காணாமல் போகிறது என்று புகார் வந்ததால் லாண்டரி முதலாளி அந்த மாதம்தான் புது ஏற்பாடு ஒன்று செய்தார். ஆஸ்பத்திரியிலேயே பையில் போட்டு, பிளாஸ்டிக் பூட்டு மாட்டி அனுப்புவார்கள். கத்தரியால் அறுத்தால்தான் திறக்கும். முதல் நாள் அக்காவே தன் கையால் கறுப்பு முத்திரைப் பையின் பூட்டை அறுத்தார். மூன்றாவதாக எடுத்த விரிப்பின் மூலையில் நீல நூல்.

வழக்கம்போல் வாயெடுத்துவிட்டார். டிரைவர் அன்றைக்குத் தலையைக் குனியவில்லை. அறுத்த பூட்டைக் கீழேயிருந்து பொறுக்கி மேசைமேல் வைத்தார். "அக்கா, பூட்டை உங்க கையாலதான் அறுத்தீங்க. இப்பச் சொல்லுங்க. நான் எப்படிக் கலப்பேன்?"

அதற்குப் பிறகு அக்கா செய்ததை டிரைவரே என்னிடம் சொன்னார். விரிப்பை முழுசாக விரித்துப் பார்த்திருக்கிறார். அது கட்டில் விரிப்பு அல்ல. பிரசவ அறை மேசையில் விரிக்கிற குட்டை விரிப்பு. முழுக்கக் கறை. அப்படியே ஜன்னலோரக் கூடைக்குப் போய், ஏற்கெனவே துவைத்து வைத்திருந்த இரண்டையும் எடுத்து விரித்தாராம். இரண்டும் குட்டை விரிப்பு.

அன்றைக்கு மத்தியானமே வீடு திரும்பிவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் நான் பார்த்து வேலைக்குப் போனவர் பாதியில் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்குள் வந்து, நாற்காலியைத் தடவாமல் நின்றுகொண்டே பேசினார்.

"டீச்சர், நீல நூல் விரிப்பு கறுப்பு முத்திரை ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகும்? கால் மொளைச்சா?"

எனக்கு விளங்கவில்லை.

"ஒருத்தி மேல படுத்திருந்தாத்தான் போகும். மேசையிலேருந்து அப்படியே விரிப்போட தூக்கி, வண்டியில வச்சு அனுப்பியிருக்காங்க. அங்க எறக்கி, இந்த விரிப்பை உருவி அவங்க மூட்டையில போட்டுட்டாங்க." மூச்சு வாங்கினார். "இத்தனை வருஷத்துல அங்கேருந்து நீல நூலுக்கு ஒண்ணு வந்தது இல்ல டீச்சர். நீல நூல் மூட்டையில ஒரு கறுப்பு முத்திரைகூட நான் பாத்தது கிடையாது. போனது உண்டு, வந்தது இல்ல."

நீல நூல் துணி ஏன் அவ்வளவு சுத்தமாக வந்தது என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அழுக்கு ஆகக்கூடியதை அவர்கள் வாசலிலேயே வண்டி ஏற்றிவிடுகிறார்கள்.

"அந்தத் தம்பியை வாரா வாரம் வஞ்சேனே" என்றார் அக்கா. "பழி ஒரு இடம், பாவம் ஒரு இடம். கையில பிடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். படிக்கத் தெரியலை." டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்டேன். கேட்கவில்லையாம். தன் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தாராம். டிரைவருக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அக்கா என்னை இழுத்துக்கொண்டு நீல நூலுக்குப் போனார். சண்டை போடப் போகிறார் என்று பயந்தேன். அவரோ தலைமை நர்ஸைத் தேடிப் போய், "நான் உங்க துணி பிரிக்கிற லாண்டரியிலேருந்து வர்றேன்" என்று ஆரம்பித்தார். நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். பயந்துபோய், "ஏன், துணியில ஏதாவது கெடந்துச்சா?" என்றார்.

"ஒண்ணும் கெடக்காது. அதான் பாக்க வந்தேன். கறையை உள்ள மடிச்சு முடிச்சுப் போடறது யாரு?"

நர்ஸ் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நான்தாம்மா எல்லாப் பொண்ணுங்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அதைப் பிரிக்கிறவங்களும் மனுஷங்கதானே."

அக்கா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக ஒருவர் போட்ட முடிச்சை இன்னொருவர் அவிழ்த்து வந்தவர்கள், அன்றுதான் முகம் பார்க்கிறார்கள். பிறகு அக்கா மகளின் ஃபைலை நீட்டி, "திடீர்னு சிக்கலானா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"வண்டி வாசல்லயே நிக்குதும்மா. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம். இங்க ரத்தம் வச்சுக்கிறதில்லை. குறைமாசப் புள்ளைக்கு வேண்டிய கண்ணாடிப் பெட்டியும் இல்லை." மறைக்கவில்லை, நீட்டி முழக்கவும் இல்லை. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நாங்கள்தான் தரையையும் விரிப்பையும் பலகையையும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"போய்ச் சேர எவ்வளவு நேரம்?"

"தெரு காலியா இருந்தா இருபத்தஞ்சு நிமிஷம்."

"இது உங்க பொண்ணா இருந்தா?"

நர்ஸ் ஃபைலைத் திறந்தார். ரத்த அழுத்தக் கணக்கு எழுதிய பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். ஃபைலை மூடி, நாடாவைக் கட்டி, அக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னதும் வீட்டில் மருமகன் குதித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நீல நூல் அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதுவரை கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தார். "அத்தை, அங்க டைல்ஸ் பூரா வெடிச்சுக் கெடக்கு. உக்கார எடம் கெடையாது, கேட்டா பதில் கெடையாது. அந்த ஆஸ்பத்திரி பேரை எடுத்தா ரெண்டு நாள் சோறு எறங்காதுன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான் மாப்பிள்ளை சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

மாமியார் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லைக் கேட்டு அறியாத மருமகன் அப்படியே அடங்கிவிட்டார். மகள் முக்காலியில் கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, அங்கதான் உனக்கு ஊசி குத்துச்சாமே?" என்று கேட்டாள். அக்கா என்னை முறைத்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். உண்மையில் நான்தான் சொல்லியிருந்தேன்.

அக்கா பையைத் திறந்து ஒரு துணியை எடுத்தார். கூடையிலிருந்த குட்டை விரிப்புகளில் ஒன்று, துவைத்து இஸ்திரி போட்டது. மூலையில் நீல நூல். நடுவில் பழுப்பாக ஒரு நிழல் மிச்சம் இருந்தது. எத்தனை பச்சைத் தண்ணீர் விட்டும் அது போகவில்லை. அதை மகளின் மடியில் விரித்தார்.

"இது மேல ஒருத்தி படுத்துக்கிட்டுப் போயிருக்கா. இருபத்தஞ்சு நிமிஷம். தெரு காலியா இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அவளுக்கு என்ன ஆச்சுன்னும் தெரியாது. துணி அதைச் சொல்லாது." பிறகு மருமகனைப் பார்த்தார். "அந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரின்னு நான் சொல்ல வரலை மாப்பிள்ளை. எல்லாரும் கடைசியில ஓடற எடம் அது. நாம முதல்லயே போயிடலாம்னு சொல்றேன்."

மகள் அந்த நிழல்மேல் உள்ளங்கையை வைத்தாள். "உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு" என்றாள் மகள். "சரி, அங்கயே போறேன். டைல்ஸை அவர் பாத்துக்கட்டும்."

நாலு நாளில் பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்தார்கள். அந்த வாசலை மிதித்ததும் அக்கா என் பக்கம் திரும்பி, "செருப்பு கால்ல இருக்கில்ல டீச்சர்? அடிக்கிறதா இருந்தா இப்பவே அடிச்சிடுங்க" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலைப் பொழுதில் மகளுக்குத் தலைவலி வந்தது, கண் மங்கியது. ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி, பத்து மணிக்கு ஆபரேஷன் அறை. காரிடாரில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அக்கா மர பெஞ்சை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகத் தடவினார். உட்காரவில்லை. முடித்துவிட்டு மறுபடி தடவினார்.

கதவு திறந்து வயது குறைந்த டாக்டர் ஒருத்தி வந்தாள். "குழந்தை வந்துடுச்சு. அம்மாவுக்குத்தான் ரத்தப்போக்கு நிக்கலை. ரத்தம் ஏத்தறோம். பயப்படாதீங்க." உள்ளே போய்விட்டாள். ஒரு வார்டு பையன் காரிடாரின் அந்தக் கோடிக்கு ஓடினான். அங்கே ஒரு கதவு. உள்ளே போய், மார்போடு இரண்டு ரத்தப் பைகளை அணைத்துக்கொண்டு திரும்ப ஓடி வந்து எங்களைத் தாண்டினான். அக்காவின் கண் அவன் கால்மேலேயே இருந்தது.

"நாப்பது அடி" என்றார்.

பதினொன்றே கால் மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, தாயும் பிள்ளையும் நலம், பெண் குழந்தை என்றார். மருமகன் சுவரில் சாய்ந்தபடியே வழுக்கிக் கீழே வந்து, வெடித்த டைல்ஸ்மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அக்கா அழவில்லை. அவர் பார்வை நர்ஸுக்குப் பின்னால் இருந்தது.

அங்கே வார்டு ஆயா ஒருத்தி ஆபரேஷன் அறையிலிருந்து ஒரு விரிப்பைச் சுருட்டிக் கொண்டுவந்து, சுவரோரம் இருந்த பெரிய பைக்குள் திணிக்கப்போனாள். அக்கா போய் அவள் கையைப் பிடித்தார்.

"இது யாருது?"

"இப்ப உள்ள ஆச்சே, அந்தப் பொண்ணுது."

அக்கா விரிப்பை வாங்கி, பக்கத்தில் காலியாக நின்ற தள்ளுவண்டியின்மேல் விரித்தார். பன்னிரண்டு வருஷமாக எத்தனையோ ஆயிரம் பேருடையதைப் பார்த்திருப்பார். இன்னாருடையது என்று தெரிந்து பார்க்கிற முதல் விரிப்பு அது. நான் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கையை வைக்காதீங்கம்மா, ஊசி கீசி கெடக்கும்" என்றாள் ஆயா.

"அதுக்குத்தான்."

"அத்தை, புள்ளையைக் காட்டறாங்க, வாங்க" என்று மருமகன் கூப்பிட்டார். நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சிறிய மூட்டையோடு கதவருகே நின்றார்.

"இருங்க மாப்பிள்ளை, வந்துட்டேன்" என்றார் அக்கா, திரும்பாமல். கையுறை இல்லாத புறங்கை இடமிருந்து வலமாக மெதுவாகப் போயிற்று, பிறகு மேலிருந்து கீழாக. ஓரத் தையலுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு விரலால் ஓர் ஊசியை எடுத்து, ஆயா எடுத்து நீட்டிய தகரத் தட்டில் வைத்தார். ஆயா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா இன்னொரு தடவை முழுக்கத் தடவிப் பார்த்தார். பிறகு கறை உள்பக்கம் வரும்படி விரிப்பை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், மூலைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டார். பைக்குள் வைப்பதற்கு முன்னால், விரலால் இழுத்தாலே அவிழும்படி, முடிச்சின் ஒரு காதை மட்டும் நீளமாக உருவிவிட்டார்.